குனிந்து எடுக்காத மூக்குக்கண்ணாடி

விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. இரண்டு எஞ்சின்கள் இரையும்போது ஒரு மூக்குக்கண்ணாடி விழுவது யாருக்குக் கேட்கும்? பக்கத்து ஆசனத்தில் இருந்த கெப்டன் கிருபைரெத்தினம் தன் மூக்கைத் தடவிப் பார்த்ததைக் கடைக்கண்ணால் கண்டேன். பிறகு மடியைத் தடவினார். பிறகு கீழே பார்த்தார்.

கண்ணாடி அவர் பக்கம் விழுந்து, விமானம் ஒரு குலுக்குக் குலுக்க, சறுக்கிக்கொண்டு என் பக்கம் வந்து, என் இடது குதிக்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

வெளியே முகில். முன்னாலும் வெள்ளை, பக்கத்திலும் வெள்ளை. இடது எஞ்சினின் எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் முள் மெல்ல மெல்லக் கீழே வந்துகொண்டிருந்தது. அப்படி வந்தால் எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்று வரிசையாக அச்சிட்ட அட்டை கெப்டனின் கையில். அதை வாசிக்க வேண்டிய கண்ணாடி என் காலடியில்.

ஒரு கணம் குனிந்தால் எடுத்துக் கொடுத்துவிடலாம்.

என் வாப்பாவின் வயதை ஒத்த அந்த மனிதர் இடுப்புப் பட்டியைத் தளர்த்திக்கொண்டு, என் காலடியில் கையை விட்டுத் துழாவத் தொடங்கினார். சாய்ந்தமருது ஆதம்பாவாவின் மகன் நான், கல்லைப் போல அசையாமல் இருந்தேன்.

இரண்டு பேர் எதற்கு?

சீருடை தைத்த கதையை முன்பு இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு நிந்தவூரில் இருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். “பஸ்சுக்கு ஒரு சாரதி போதும். உங்கள் விமானத்துக்கு இரண்டு பேர் எதற்கு? ஒருவர் உறங்குவதற்கா?” என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. என் உம்மாவும் இதையேதான் கேட்டார்.

ஒருவர் ஓட்டுவார். அவருக்கு அது மட்டும்தான் வேலை. மற்றவர் வானொலியில் கதைப்பார், அட்டையை வாசிப்பார், வரைபடத்தைப் பார்ப்பார். எல்லாவற்றிலும் பெரிய வேலை ஒன்றும் அவருக்கு உண்டு. ஓட்டுகிறவர் சரியாக ஓட்டுகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருப்பது. யார் எந்த வேலை என்பது கிளம்பும்போதே முடிவாகிவிடும். இடையில் மாற்றுவதென்றால் வாய்விட்டுச் சொல்லித்தான் மாற்ற வேண்டும். “இனி உன்னிடம்” என்று ஒருவர் சொல்வார். “இனி என்னிடம்” என்று மற்றவர் திருப்பிச் சொல்வார். சொல்லாமல் ஒரு சுண்டு விரல் கூட இடம் மாறக் கூடாது.

ஒரு பறப்பில் வேலை எப்போதும் ஒரே அளவாக இருக்காது. ஏறும்போதும் இறங்கும்போதும் நான்கு கைகள் போதாது. நடுவில் பதினைந்து, இருபது நிமிடம் கொட்டாவி வரும். அந்தக் கொட்டாவி நேரத்தை ஒருவர் என்ன செய்கிறார் என்பதில்தான் அவர் எப்படிப்பட்ட விமானி என்பது தெரியும்.

கெப்டன் கிருபைரெத்தினம் மட்டக்களப்பு கல்லடிக்காரர். கறுப்பு, ஒல்லி, நரைத்த மீசை. மலைநாட்டுக்கு மேலே விமானம் ஆடாமல் நேராகப் போகும்போது, இறங்கப் போகும் இடத்தின் தாள்களை வரிசையாக மடித்து, உடுப்புக் காயப்போடும் மரக் கிளிப்பால் கவ்வி வைத்துவிடுவார். வானொலியின் அடுத்த இலக்கத்தை முன்கூட்டியே திருப்பி வைப்பார். கடைசியில் தகர டப்பாவைத் திறந்து இரண்டு கதலிப் பழம் சாப்பிடுவார்.

“வயிறு கேக்கிறத இப்பவே குடுத்திரு தம்பி,” என்பார். “இறங்கேக்க அதுவும் ஒரு வேல கேட்டு வரப்படாது.”

கல்லோயாக் குளத்தின் தண்ணீர் தூரத்தில் மினுங்கும்போது டப்பா மூடியிருக்கும், பழத்தோல் பையில் போயிருக்கும். அதற்குப் பிறகு அவர் பகிடி விட்டுச் சிரிப்பதைக்கூட நான் கேட்டதில்லை. இறங்கும் வேலையில் பாதி, இறங்கத் தொடங்கும் முன்பே முடிந்திருக்கும். அவசரப்பட்டு ஒரு வேலை செய்ததை நான் கண்டதே இல்லை. நேரம் அவருக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக அளந்து கொடுக்கப்படுகிறதோ என்று நினைப்பேன்.

கைகள் அதிகம்

அவர்தான் என்னைச் சோதித்தவர். கம்பனியில் புதிதாகச் சேர்ந்த துணை விமானியை ஒரு மூத்த கெப்டன் பயணிகளோடு பறக்கும் சாதாரணப் பறப்பில் வைத்துச் சோதிப்பார். தேறினால் ஆசனம் நிரந்தரம். தேறாவிட்டால் இன்னொரு முறை. அதிலும் தேறாவிட்டால் தரையில், பயணிகள் பெயர் எழுதும் மேசை.

எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். நான் பயிற்சிக்குத் தெரிவானதில் இருந்து ஊரில் வாப்பாவுக்குப் பெயரே மாறிவிட்டது. “பைலட்ட வாப்பா” என்றுதான் கூப்பிடுகிறார்கள். மேசைக்குப் போனால் அந்தப் பெயரை யார் திருப்பி எடுப்பது?

முதல் சோதனையில் கெப்டன் ஓட்டினார். பார்ப்பது என் வேலை. அவருடைய பென்சில் உருண்டது, பாய்ந்து எடுத்துக் கொடுத்தேன். வரைபடத்துக்குக் கை நீட்டினார், அவர் கை போகும் முன் நான் எடுத்து நீட்டினேன். சக்கரம் போன்ற ஒரு சில்லைத் திருப்பக் கையைத் தூக்கினார், “விடுங்க சேர், நான் செய்யிறன்” என்று நானே திருப்பினேன். தண்ணீர்ப் போத்தலின் மூடியைக்கூடத் திறந்து கொடுத்தேன். நல்ல பெயர் வாங்கிவிட்டேன் என்று உள்ளே ஒரே சந்தோசம்.

அந்தச் சந்தோசத்தில் விமானம் நிற்க வேண்டிய உயரத்தைத் தாண்டி இருநூறு அடி கீழே போயிருந்தது. கெப்டன்தான் கண்டார். பார்க்க வேண்டிய நான் போத்தலை மூடிக்கொண்டிருந்தேன்.

இறங்கிய பின் அவர் தாளில் எழுதியது இன்னும் எனக்குப் பாடம். “நல்ல பையன். கைகள் அதிகம், கண்கள் குறைவு. மீண்டும் பார்க்க வேண்டும்.”

கிடாரம் கவிழ்ந்த கதை

கை முந்திக்கொண்டு நீளும் இந்த நோய், இந்த வருத்தம், எனக்கு எங்கே இருந்து வந்தது என்று யோசித்தால் பள்ளிவாசல் கந்தூரி விருந்து ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது.

எங்கள் ஊரில் பெரியவர் ஒருவர் கையில் பையோடு நடந்தால் இளையவன் ஓடிப்போய் வாங்க வேண்டும். வாங்காதவன் வளர்ப்புச் சரியில்லாதவன். “பெரியவங்கட கையில வேலயப் பாத்துக்கிட்டு நிக்காத மகன்” என்பதுதான் உம்மா எனக்குச் சொன்ன முதல் புத்தி.

அந்தக் கந்தூரியில் சோறு சமைத்தவர் உசனார் காக்கா; அண்ணனை நாங்கள் காக்கா என்போம். இரண்டு அடுப்பில் இரண்டு கிடாரம். வெந்த கிடாரத்தை இறக்க அவர் துணியைக் கையில் சுற்றியதுதான் தாமதம், “விடுங்க காக்கா, விடுங்க, நாங்க இறக்குறம்” என்று ஐந்து பேர் பாய்ந்தோம். ஐந்து பேரும் நல்ல பிள்ளைகள். ஒருவன் இழுத்த பக்கம் மற்றவன் தள்ளினான். சோறு மணலில். அந்த அமளியில் இரண்டாவது கிடாரத்தின் நெருப்பைப் பார்க்க ஆள் இல்லை. அது அடிப்பிடித்து, மணம் கடற்கரை வரைக்கும் போனது.

உசனார் காக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். “வாப்பாமாரே, நீங்க அஞ்சி பேரும் என்ட கையப் பாத்திங்க. ஒத்தனாவது அடுப்பப் பாக்கல்லியே!”

அன்று நாங்கள் சிரித்தோம். அந்தப் பேச்சு பல வருஷம் கழித்து ஏழாயிரம் அடி உயரத்துக்கு என்னைத் தேடி வரும் என்று யார் கண்டது?

வரம்பில் கேட்ட கேள்வி

முதல் சோதனைக்கும் இரண்டாவதற்கும் நடுவே நான்கு நாள் லீவில் ஊருக்குப் போனேன். வாப்பா ட்ரக்டர் ஓட்டுகிறவர். சம்மாந்துறைப் பக்கம் வயல்களில் உழவு, பிறகு நெல் மூட்டை ஏற்றி ஆலைக்கு. பெயர் எழுதக்கூட அவருக்குத் தெரியாது. சில்லின் மேல் இருக்கும் தகட்டில் ஏறி அவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டேன்.

வாய்க்காலோரம் ஒரு ஒடுங்கிய வரம்பு. பின்னால் மூட்டை ஏற்றிய பெட்டி. சொல்ல வேண்டியதை அந்த இடத்தில் வைத்துத்தான் சொன்னேன்.

“வாப்பா, நான் சோதினையில பெயில்.”

அவர் திரும்பவில்லை. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டேன். வரம்பு முடிந்து, மண் ரோட்டில் ஏறி, வண்டியை ஓரத்தில் நிறுத்தி, துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்.

“என்ன சொன்ன?”

மறுபடி சொன்னேன். பென்சில், வரைபடம், போத்தல் எல்லாவற்றையும் சொன்னேன்.

“உதவி செஞ்சதுக்கா பெயில் போட்டாங்க?” வாப்பாவுக்கு நம்ப முடியவில்லை. “நல்ல கம்பனிதான் போ! பெரிய மனுசனுக்குப் போத்தலத் தொறந்து குடுக்கிறதும் குத்தமா? அந்தாளுக்கு உன்னப் புடிக்கல்ல போல மகன்.”

ஏன் பெயில் என்பது எனக்கும் விளங்கியும் விளங்காமலும்தான் இருந்தது.

ஏழாயிரம், நேர்

இரண்டாவது சோதனை மாரி மழைக்காலத்தில் வந்தது. இரத்மலானையில் இருந்து மட்டக்களப்புக்கு. பயணிகள் பதினைந்து பேர். முன் வரிசையில் எங்கள் ஊர்ப் புடவைக்கடை மீராசாகிபு ஹாஜியார். கொழும்பில் சாமான் எடுத்துக்கொண்டு திரும்புகிறார். அந்தச் சின்ன விமானத்தில் எங்களுக்கும் பயணிகளுக்கும் நடுவே ஒரு திரைச்சீலை மட்டும்தான். அதுவும் பாதி திறந்தபடி. எஞ்சின் தொடங்கும் முன், முதுகுக்குப் பின்னால் அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

“நம்மட ஆதம்பாவாட மகன்தான் ஓட்டுற. சின்னதுல என்ட கடையில உடுப்பு எடுத்தவன்.”

மலையைத் தாண்டியதும் முகிலுக்குள் போனோம். கதலிப் பழம் முடிந்திருந்தது. டப்பா மூடியிருந்தது. எண்ணெய் முள் இறங்குவதை முதலில் கண்டவன் நான். அன்று ஓட்டியதும் நான்தான்.

“இடது எஞ்சின், எண்ணெய் இறங்குது சேர்.”

அவர் பார்த்தார். வழக்கமாக வேலைப் பேச்சு எங்களுக்குள் ஆங்கிலம்தான். அந்த நேரத்தில் அவர் வாயில் ஊர்த் தமிழ் வந்தது. “ஓம் தம்பி. நீ புடிச்சிக்க. பறக்கிறது மட்டும்தான் உன்ட வேல. மத்ததெல்லாம் என்ட வேல. விளங்கிச்சா?”

“ஓம் சேர். பறக்கிறது என்னிடம்.”

அவர் அட்டையை எடுத்துக் கண்ணாடியை மாட்டினார். அப்போதுதான் அந்தக் குலுக்கு.

முகிலுக்குள் இருக்கும்போது உடம்பு சொல்வதை நம்பக் கூடாது. சரிந்து போகும்போதும் நேராக இருப்பதாகவே உடம்பு சொல்லும். முன்னால் இருக்கும் ஆறு வட்டங்களைத்தான் மாறி மாறிப் பார்க்க வேண்டும். குனிந்து நிமிரும் நேரத்தில் தலை சுற்றிவிட்டால் பதினேழு பேரின் கதையும் முடிந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் இடது கை இரண்டு முறை தானாகக் கீழே இறங்கியது. இரண்டு முறையும் திருப்பி எடுத்தேன். கெப்டனின் நரைத்த தலை என் முழங்காலுக்குப் பக்கத்தில். அவருடைய மூச்சு என் காலில் பட்டது. பின்னால் ஹாஜியாரின் பார்வை என் பிடரியில் குத்துவது போல இருந்தது. உம்மா சொன்ன புத்தி காதுக்குள் நின்று கத்தியது.

உசனார் காக்காவின் அடுப்பும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கையால் கொடுக்க ஏலாது. வாய் சும்மாதான் இருந்தது.

“என்ட இடது குதிக்காலுக்குப் பக்கத்துல சேர். கொஞ்சம் பின்னுக்கு.” வட்டங்களில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன். கீழே தலை போட்டிருக்கும் மனிதருக்கு மேலே என்ன நடக்கிறது என்று தெரியாதே என்று, அதையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். “உயரம் ஏழாயிரம். நேர். சரிவு இல்ல. ஏழாயிரம், நேர்.”

எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. அல்லாஹ்வின் பெயரைத் திக்ரு செய்வது போல ஒரே சொல் வாயில் சுற்றியது.

அவர் நிமிர்ந்தபோது கண்ணாடிக்கு ஒரு காது இல்லை. ஒரு கையால் அதை மூக்கில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் விரலை அட்டையில் வைத்து, ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசித்தார். வாசித்துச் செய்தார். செய்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். இடது எஞ்சின் அடங்கியது. விமானம் இடப்பக்கம் இழுத்தது. வலது காலால் மிதித்து நேராக்கினேன். அந்த மிதியைக் கடைசி வரை எடுக்க முடியாது. மட்டக்களப்புக்கு வானொலியில் சொன்னார். பின்னால் திரும்பி, “ஒரு எஞ்சின நிப்பாட்டி இருக்கம். மத்தது போதும். பெல்ட்ட இறுக்கிக்கங்க,” என்றார், தேத்தண்ணிக்குச் சீனி போதும் என்று சொல்வது மாதிரி.

முகிலில் இருந்து வெளியே வந்தோம். கீழே வயலெல்லாம் வெள்ளம், தூரத்தில் கடல். என் வலது கால் நடுங்கத் தொடங்கியிருந்தது.

இனித்தான் நான் அவரை வாழ்நாள் முழுக்க மதிக்கக் காரணமான விஷயம். ஒற்றை எஞ்சினோடு இறக்குவதில் அவர் என்னைவிடப் பல மடங்கு கெட்டிக்காரர். வேறு யாராக இருந்தாலும் “இனி என்னிடம்” என்று வாங்கியிருப்பார்கள். வாங்க அவருக்கு முழு உரிமையும் இருந்தது.

“கால் ஏலுமா தம்பி?”

“ஏலும் சேர்.”

“உண்மையச் சொல்லு.”

“நடுங்குது. ஆனா ஏலும்.”

என் காலைப் பார்த்தார். “அப்ப நான் எடுக்க மாட்டன். எடுத்தா நான் ஓட்டவும் வேணும், இந்த உடைஞ்ச கண்ணாடியோட மத்ததப் பாக்கவும் வேணும். நீயே இறக்கு. நான் பாத்துக்கிட்டு இருப்பன். பிழை வந்தா வாங்குவன்.”

வேகத்தையும் உயரத்தையும் சொல்லிக்கொண்டே வந்தார். வேறு ஒரு சொல் இல்லை. ஓடுபாதை நேரே தெரிந்ததும், தொழுகை இருப்பில் இருப்பவரைப் போல இரண்டு கைகளையும் முழங்கால்களின் மேல் வைத்துக்கொண்டார். கடைக்கண்ணில் அந்த விரல்கள் தெரிந்தன. அவை துடித்துக்கொண்டிருந்தன. என் கைகளுக்கு இருந்த அதே வருத்தம் அவருடைய கைகளுக்கும் இருந்தது! அத்தனை வருஷப் பழக்கம் உள்ள கைகள், என் கையில் இருந்து பிடுங்கத் துடிக்கும் கைகள், முழங்காலை விட்டு அசையவில்லை.

சில்லு தரையில் பட்டது. ஒரு முறை துள்ளியது. நின்றோம். மழை முன்கண்ணாடியில் அடித்தது.

“துள்ளிப்போட்டுது சேர்,” என்றேன்.

“ஓம். தவளைக்குப் பொறந்தது போல,” என்று கெப்டன் சிரித்தார். அதற்குப் பிறகுதான் கண்ணாடியை மூக்கில் இருந்து எடுத்தார். மூக்கில் ஒரு சிவந்த தடம்.

தாளில் இந்த முறை ஒரே வரி எழுதினார். “கைகள் அளவாக. ஆசனம் கொடுக்கலாம்.”

புடவைக்கடை வாசலில்

ஆசனம் கிடைத்தது. ஊரில் இருந்த நல்ல பெயர் போனது.

அடுத்த லீவில் போனபோது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வாப்பாவும் நானும் வரும் வழியில் மீராசாகிபு ஹாஜியார் கடை வாசலில் நின்று கூப்பிட்டார். நான்கைந்து பேர் அங்கே இருந்தார்கள். இந்தக் கதையை ஹாஜியார் அவர்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருக்கிறார் என்பது முகங்களைப் பார்த்ததுமே தெரிந்தது.

“ஆதம்பாவா, உன்ட மகனப் பத்தி ஒரு கத சொல்லணும். கோவிக்காத.” என்னைப் பார்க்காமலே தொடர்ந்தார். “அந்தக் கல்லடி மனுசன், உன்ட வயசு இருக்கும், இவன்ட காலடியில குனிஞ்சி கண்ணாடி தேடுறாரு. நான் என்ட கண்ணால கண்ட. இவன்ட காலுக்குப் பக்கத்துலதான் கிடக்கு. இவன் குனியல்ல. எங்க கிடக்கு எண்டு மட்டும் ராசா மாதிரிச் சொல்லுறான். படிப்பு வந்தா மருவாதி போயிருமா?”

விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். வாப்பா கையைக் காட்டி நிறுத்தினார். அவரும் யோசிக்கிறார் என்று தெரிந்தது. தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

“ஹாஜியார், அந்த நேரம் பிளேன் ஆர்ர கையில?”

“ஆர்ர கையில? இவன்ட கையிலதான். அந்த மனுசன்தான் கீழ கிடக்காரே.”

“ஆடினதா?”

“முகிலுக்குள்ள ஒரு குலுக்கு. பொறகு நேராத்தான் வந்திச்சி.”

“எல்லாருமா எத்தின பேர்?”

“பயணக்காரர் பதினஞ்சி பேர் இருப்பம்.”

வாப்பா தலையை ஆட்டினார். வரம்பைக் கடந்து மண் ரோட்டில் ஏறி வண்டியை நிறுத்திய அன்றைய அதே முகம்.

“அப்ப அவன்ட கையில பதினஞ்சி பேர் இருந்திருக்கு ஹாஜியார். அதுக்குள்ள நீங்களும் ஒராள். எத வச்சிட்டுக் கண்ணாடிய எடுக்கச் சொல்லுறீங்க?”

ஒருவர் மெல்லச் சிரிக்கத் தொடங்கினார். ஹாஜியார் கொஞ்ச நேரம் வாப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு கடைக்குள்ளே திரும்பி, “டேய், மூணு பிளேன்டி கொண்டா” என்றார்.

பால் போடாத அந்தத் தேத்தண்ணியை உட்கார்ந்து குடித்துவிட்டு வாப்பா எழும்பும்போது மடியில் வைத்திருந்த தொப்பி நழுவிக் கீழே விழுந்தது. அவர் குனியப் போனார். என் கைகள் இரண்டும் சும்மா இருந்தன.

நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.